கறுப்புக் கட்டை ஐந்து, ராகம் ஐந்து: பல்கலைக்கழகத்தில் இசை படிப்பது என்றால் என்ன?

[திரையில்: கைப்பேசியில் ஒரு கீபோர்டு செயலி. வெள்ளைக் கட்டைகள் மங்குகின்றன. கறுப்பு மட்டும் தெளிவாகத் தெரிகிறது.]

கைப்பேசியில் ஏதாவது ஒரு கீபோர்டு செயலியைத் திறந்துகொள்ளுங்கள். வெள்ளைக் கட்டைகள் வேண்டாம், கறுப்பு மட்டும் போதும். கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக இருக்கும். மூன்று சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கட்டை, பாட்டுக்காரர்கள் சுருதியை எண்ணிச் சொல்லும் நம் கணக்கில் நாலரைக் கட்டை. அதை ஷட்ஜமாக, அதாவது ஆதார ஸ்வரமான ஸ-வாக வைத்துக்கொண்டு, கறுப்பை மட்டும் வரிசையாக வாசித்துக்கொண்டு மேலே போங்கள்.

[ஒலி: தம்புரா நாலரைக் கட்டையில். ஸ ரி க ப த ஸ.]

மோகனம். இப்போது தம்புராவை அடுத்த கறுப்பான ஐந்தரைக் கட்டைக்கு மாற்றிவிட்டு, அந்தக் கட்டையிலிருந்து தொடங்குங்கள். விரல் படுவது அதே ஐந்து கட்டைகளில்தான். ஆனால் கேட்பது மத்தியமாவதி. அதற்கும் அடுத்த ஆறரையிலிருந்து தொடங்கினால் ஹிந்தோளம். இரண்டு சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கட்டையான ஒன்றரையிலிருந்து சுத்த சாவேரி. அதன் பக்கத்துக் கறுப்பான இரண்டரையிலிருந்து சுத்த தன்யாசி. ஒவ்வொரு முறையும் தம்புராவை மாற்ற மறந்துவிடாதீர்கள். மாற்றாவிட்டால் எங்கே தொடங்கினாலும் காதுக்கு மோகனமாகத்தான் இருக்கும்.

கீபோர்டு தருவது ராகத்தின் எலும்புக்கூடு மட்டும்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹிந்தோளத்தின் காந்தாரம் எப்படி அசைய வேண்டும் என்பதை எந்தக் கட்டையும் சொல்லித் தராது. அதற்குக் குரு வேண்டும், வருஷங்கள் வேண்டும். ஆனால் பத்து வருஷம் பாட்டுக் கற்று, இந்த ஐந்து ராகங்களையும் அழகாகப் பாடுகிறவர்களில் பலருக்கு, இவை ஐந்தும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். எனக்கும் காட்டவில்லை. பல்கலைக்கழக இசைத் துறையில், முதல் பருவத்தில், இப்படி ஷட்ஜத்தை மாற்றி ஒரு ராகத்திலிருந்து இன்னொன்றைப் பெறும் கிரக பேதம் பற்றிய வகுப்பில்தான் பார்த்தேன். அன்று மாலை விடுதி அறையில் இதையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தேன்.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும், அவர்களைவிட அதிகமாகக் கவலைப்படும் பெற்றோரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "பாட்டு வாத்தியாரிடம் கற்றுக்கொண்டால் போதாதா? அதற்கு எதற்கு ஒரு டிகிரி?" அதற்குத்தான் இந்த வீடியோ.

[திரையில்: தம்புராவின் குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கும் கட்டை, மிக அருகில். தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு நூல் துண்டு.]

இந்த நூலைப் பாருங்கள். இதற்கு ஜீவா என்று பெயர். வெறும் நூல்தான். தந்திக்கு அடியில் இதை ஒரு மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்தினால், அதுவரை டங் டங் என்று மொட்டையாக இருந்த நாதம் ஓரிடத்தில் சட்டென்று மலரும். தம்புராவுக்கு நான்கு தந்தி: பஞ்சமம் (ப), ஷட்ஜம், ஷட்ஜம், மந்தர ஷட்ஜம் (கீழ் ஸ). ஜீவா சரியாக உட்கார்ந்துவிட்டால், நாம் மீட்டாத ஒரு ஸ்வரம் மந்தரத் தந்திக்குள்ளிருந்து கேட்கும். அந்தர காந்தாரம், ஒரு வகை க. காந்தாரத்துக்கென்று தம்புராவில் தந்தியே கிடையாது. அப்புறம் அது எங்கிருந்து வருகிறது?

நல்ல குரு, "கேள், காந்தாரம் பேசுகிறது பார்" என்பார். அந்தக் காதை அவர்தான் தர முடியும். பல்கலைக்கழக வகுப்பு அடுத்த அடி எடுத்து வைக்கும். ஒரு தந்தி முழு நீளத்துக்கு அதிரும்போதே பாதியாகவும், மூன்றில் ஒரு பங்காகவும், நாலில் ஒரு பங்காகவும், ஐந்தில் ஒரு பங்காகவும் அதிர்கிறது. அந்த ஐந்தாவது பங்கு எழுப்புவதுதான் இரண்டு ஸ்தாயி மேலே கேட்கும் காந்தாரம் (ஒரு ஸ-வுக்கும் அடுத்த ஸ-வுக்கும் உள்ள தூரம்தான் ஸ்தாயி). ஜீவா, தந்தி குதிரையைத் தொடும் விதத்தை மாற்றி, இந்த நுண்ணிய ஒலிகளை வெளியே கொண்டுவருகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு தம்புரா மீட்டும்போது எனக்குக் காந்தாரம் இன்னும் தெளிவாகக் கேட்டது. அறிவு ரசனையைக் கெடுத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். என் அனுபவம் நேர் எதிர்.

[திரையில்: பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் மெதுவாக நகர்கின்றன.]

இந்த "ஏன்" என்ற கேள்வி பல்கலைக்கழகத்துக்கு வெளியேதான் முதலில் பலமாக எழுந்தது. தஞ்சாவூரில் சித்த மருத்துவராக இருந்த ஆபிரகாம் பண்டிதர் சொந்தச் செலவில் இசை மாநாடுகள் நடத்தினார். ஒரு ஸ்தாயிக்குச் சுருதிகள், அதாவது ஸ்வரங்களின் நுண்ணிய படிகள், 22 என்பதே வழிவழியாகச் சொல்லப்பட்டுவந்த கணக்கு. இல்லை, 24 என்று அவர் வாதிட்டார். 1916-ல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டுக்கே போய் அதை நிறுவ முயன்றார். அவருடைய மகள்கள் அங்கே வீணையில் வாசித்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. அவர் கணக்கை ஏற்காதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது, கேட்டதை அப்படியே ஒப்பிக்காமல் வீணையில் அளந்து பார்க்கலாம் என்ற அந்தத் துணிவு.

அப்புறம் கதவுகள் அடுத்தடுத்துத் திறந்தன. 1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. இசைக்கு அங்கே தொடக்கத்திலேயே இடம் கிடைத்தது. 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைத் துறை தொடங்கியது, டைகர் வரதாச்சாரியார் தலைமையில். அதே துறையில் பி. சாம்பமூர்த்தி பாடப்புத்தகம் எழுதும் வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டார். ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் போய் மேற்கத்திய இசையும் ஒப்பீட்டு இசையியலும் படித்துத் திரும்பியவர் அவர். தென்னிந்திய இசை பற்றி அவர் தொகுதி தொகுதியாக எழுதியவை இன்றும் மாணவர்களின் பைகளில் இருக்கின்றன. 1949-ல் சென்னையில் அரசின் கர்நாடக இசைக் கல்லூரி, முதல் முதல்வர் முசிறி சுப்பிரமணிய ஐயர். மேடையில் உச்சியில் இருந்தவர்களே வகுப்பறைக்கும் வந்தார்கள்.

இலங்கையில் இந்தக் கதை இன்னும் நெருக்கமானது. யாழ்ப்பாணத்தில் மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கல்லூரி 1960-ல் தொடங்கி, 1970களில் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. மகாராஜபுரம் சந்தானம் அங்கே முதல்வராக இருந்திருக்கிறார். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அந்தப் பெயருக்குரியவர் அறிவியல் படித்தவர். பழந்தமிழ் யாழின் நரம்புகளைக் கணக்குப் போட்டு ஆராய்ந்து 1947-ல் 'யாழ் நூல்' தந்தவர். இசைத் துறையில் சேர்பவர் ஆபிரகாம் பண்டிதர், சாம்பமூர்த்தி, விபுலாநந்தர் மூவரின் எழுத்தையும் படிக்காமல் வெளியே வரக்கூடாது என்பது என் ஆசை.

[திரையில்: ஒரு வார நேர அட்டவணை.]

சரி, மூன்று வருஷம் என்னதான் நடக்கும்? செய்முறைதான் பெரும்பகுதி: வர்ணம், கீர்த்தனை, தேவாரம், திருப்புகழ், பதம், கொஞ்சம் கொஞ்சமாக மனோதர்மம், அதாவது சொந்தக் கற்பனையில் பாடுவது. கூடவே கோட்பாட்டுத் தாள்கள்: 72 மேளகர்த்தா என்ற தாய் ராகங்கள், தாள அமைப்பு, வாத்தியங்கள், வாக்கேயக்காரர்கள் என்ற பாடல் இயற்றியவர்கள், இசை வரலாறு, பாட்டைக் கேட்டு ஸ்வரப்படுத்தி எழுதும் பயிற்சி. கடைசியாகச் சொன்னதுதான் பலரை அழவைக்கும். தவறவிடவே கூடாததும் அதுதான். ஒரு சங்கதியை, அதாவது பாட்டு வரியின் ஒரு இசை வடிவத்தை, காதால் பிடித்துத் தாளில் இறக்கத் தெரிந்தவர் யாரையும் நம்பி நிற்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். டிகிரி உங்களைக் கச்சேரி வித்வான் ஆக்காது. வாரத்துக்குச் சில மணி நேரம், ஒரு வகுப்பில் பல பேர். இதில் குரல் பழுக்காது. சாதகம் வீட்டில்தான், குருவிடம் போவதும் தனியாகத்தான். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டவர்கள்தான் உயர்ந்தார்கள். எஸ். ராமநாதன் மேடையில் பெரிய வித்வான். சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்து அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார்.

[திரையில்: ஓர் அரசுப் பள்ளி வகுப்பறை. காலி பெஞ்சுகள்.]

இசை கற்பது வேறு, இசை கற்பிக்கக் கற்பது வேறு. தமிழ்நாட்டின் அரசு இசைக் கல்லூரிகளில் இசை ஆசிரியர் பயிற்சி தனிப் படிப்பாகவே இருக்கிறது. எனக்கு இது புரிந்தது ஒரு பள்ளியில், ஆறாம் வகுப்பில், பயிற்சிக்காகப் போன முதல் நாள். ஐம்பது பிள்ளைகள். எனக்குச் சௌகரியமான சுருதியைப் போட்டு, மாயாமாளவகௌளை ராகத்தில், ஆரம்பப் பாடமான சரளி வரிசை தொடங்கினேன். பாதிப் பேர் சேர்ந்து பாடினார்கள். பின் பெஞ்சில் ஒரு பையன் வாயைத் திறக்கவே இல்லை. அடங்காத பையன் என்று நினைத்துக்கொண்டேன். வகுப்பு முடிந்ததும், மேற்பார்வைக்கு வந்திருந்த பேராசிரியை அவனைக் கூப்பிட்டு, "உனக்கு வருகிற மாதிரி ம்ம் என்று சொல்லு" என்றார். அவன் சொன்னான். அவன் குரல் எங்கேயோ கீழே இருந்தது. குரல் உடையத் தொடங்கியிருந்தது. நான் கொடுத்த சுருதியில் அவனுக்கு ஷட்ஜமே எட்டவில்லை.

அன்றிலிருந்து எந்த வகுப்புக்குப் போனாலும் முதல் வேலை சுருதி தேடுவதுதான். ஐந்து கட்டைக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பொதுவாகச் சௌகரியமாக இருக்கும். ஆண் ஆசிரியர்களுக்கு இதில் சிரமம் கூடுதல். அவருடைய ஒரு கட்டையில் பிள்ளைகள் பாடினால் கீழ் ஷட்ஜம் எட்டாது, ஒரு ஸ்தாயி ஏற்றிப் பாடினால் மேலே தொண்டை கிழியும். அப்போது சுருதியைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு, தான் வாத்தியத்தில் வாசித்துக் காட்ட வேண்டியதுதான்.

முதல் பாடத்துக்கு ஏன் மாயாமாளவகௌளை? இதையும் பயிற்சியில்தான் கேட்டோம். ஸ-ரி நெருக்கம், ரி-க அகலம், க-ம நெருக்கம். பஞ்சமத்துக்கு மேலே போனால் ப-த நெருக்கம், த-நி அகலம், நி-ஸ நெருக்கம். கீழ்ப் பாதியும் மேல் பாதியும் ஒரே அச்சு. பிள்ளை பாதி கற்றுக்கொண்டால் மீதி தானாக வரும். புரந்தரதாசர் வகுத்த முறை என்று வழிவழியாகச் சொல்கிறோம். அதற்குள் இருக்கும் கற்பித்தல் நுட்பத்தைப் பார்க்கும்போது கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

[திரையில்: வட்டமாக நிற்கும் ஏழு சிறுமிகள், கோட்டோவியம்.]

இதைவிடப் பழைய பாடத்திட்டம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில், மாதரி ஏழு பெண்களை நிறுத்தி அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஸ்வரங்களின் பெயரையே வைக்கிறாள். வகுப்பில் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். ஐந்து பிள்ளைகள், மோகனத்தின் ஐந்து ஸ்வரங்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரே ஒரு ஸ்வரம், நான் தோளைத் தொட்டால் பாட வேண்டும். முதல் பெண்ணிடமிருந்து தொடங்கினால் மோகனம். பிறகு தம்புராவை இரண்டாவது பெண்ணின் ஸ்வரத்துக்கு மாற்றி, அவளிடமிருந்து சுற்றி வந்தேன். யாரும் தன் ஸ்வரத்தை மாற்றவில்லை. முழு வட்டமும் மத்தியமாவதியாக மாறியது. "மிஸ், நான் அதேதானே பாடினேன்?" என்று மூன்றாவதாக நின்றவள் கேட்டாள். நம் முன்னோர் இதைப் பண்ணுப்பெயர்த்தல் என்றார்கள். விடுதி அறையில் எனக்குக் கிடைத்த ஆச்சரியம் அவளுக்குப் பதினொரு வயதிலேயே கிடைத்துவிட்டது.

வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. இலங்கையில் பள்ளிப் பொதுத் தேர்வுகளான சாதாரண தரத்திலும் உயர் தரத்திலும் கர்நாடக சங்கீதம் ஒரு பாடம், அதனால் பட்டதாரிக்குப் பள்ளிக்கூடம் ஓர் உண்மையான வழி. தமிழ்நாட்டில் ஓவியம், தையல், உடற்கல்வி போல இசையும் சிறப்பாசிரியர் பணிகளில் வருகிறது. இடங்கள் குறைவு, காத்திருப்பு நீளம். இது எனக்கு ஆறாத வருத்தம். எம்.ஏ. முடித்தால், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுதிக் கல்லூரிக்குப் போகலாம். தனியார் பள்ளிகள், மாவட்ட அரசு இசைப்பள்ளிகள், இணையவழி வகுப்புகள் என்று மற்ற வழிகளும் உண்டு.

சேர நினைப்பவர்கள் விண்ணப்பம் போடும் முன் ஒருநாள் நேரில் அந்தத் துறைக்குப் போய் வாருங்கள். வாரத்துக்குச் செய்முறை எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். பயிற்சிக்காக எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், எத்தனை நாள் என்று கேளுங்கள். பிறகு வகுப்பறை மூலையில் நிற்கும் தம்புராவின் உறையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நான்கு தந்தியிலும் ஜீவா இருக்கிறதா என்று பாருங்கள்.