நிலவில் தூக்குவது எளிது, நிறுத்துவதுதான் பாடு

அவைக்கு வணக்கம்.

நிலவுக்குப் போனால் நம் எடை ஆறில் ஒரு பங்காகிவிடும் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். படித்ததோடு சரி. அங்கே எது குறையாது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நிலவில் நடந்தவர்களைத் தடுமாற வைத்ததும், அங்கே ஓடும் வண்டிகளை வடிவமைப்பவர்களுக்கு இன்றுவரை தலைவலியாக இருப்பதும் குறையாத அந்த ஒன்றுதான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 60 கிலோ நிறையுள்ள ஒருவரைப் பூமி சுமார் 589 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. அந்த இழுவிசைதான் எடை. நிலவில் ஈர்ப்பு முடுக்கம் (விழும் பொருளின் வேகம் நொடிக்கு நொடி கூடும் அளவு) 1.62 மீ/வி² மட்டுமே என்பதால் அதே ஆளின் எடை அங்கே 97 நியூட்டன். வீட்டில் எடை பார்க்கும் மெஷினை அங்கே வைத்து ஏறி நின்றால், 10 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். மெஷின் கெட்டுவிடவில்லை. அது அளப்பது காலடியில் விழும் விசையை. அந்த விசையைப் பூமியின் கணக்குப்படி கிலோவாக மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவுதான். இரண்டு தட்டுள்ள தராசில் ஒரு பக்கம் ஆளையும் மறுபக்கம் எடைக்கற்களையும் வைத்துப் பாருங்கள். நிலவிலும் 60 கிலோ கல் வைத்தால்தான் தட்டு சமமாகும். இரு பக்கமும் ஒரே விகிதத்தில் இலேசாகிவிடுகின்றன அல்லவா?

அந்த 60 கிலோதான் நிறை. நிற்கும் பொருளை ஓட வைக்கவும், ஓடும் பொருளை நிறுத்தவும், திருப்பவும் எவ்வளவு விசை வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அது. ஈர்ப்பு குறைந்தாலும், இல்லாமலே போனாலும் அது மாறாது. துறைமுகத்தில் மிதக்கும் விசைப்படகை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் எடை முழுவதையும் தண்ணீர் தாங்குகிறது. ஒரு ஆள் தள்ளினாலும் மெல்ல நகரும். ஆனால் அது சுவரை நோக்கி வரும்போது இடையில் கையை வைத்தால் கை நசுங்கிவிடும்.

அப்போலோ வீரர்களுக்கு வருவோம். உயிர்காப்பு முதுகுப்பையோடு சேர்த்து அவர்களின் விண்வெளி உடை சுமார் 90 கிலோ. 75 கிலோ ஆள் அதை அணிந்தால் மொத்தம் 165 கிலோ. நிலவில் அதன் எடை 267 நியூட்டன், அதாவது பூமியில் 27 கிலோ மூட்டையைத் தூக்கும் பாரம். கால்களுக்கு ரொம்பவே இலேசாக இருக்கும். ஆனால் ஓட ஆரம்பித்தால் நிறுத்த வேண்டியது 165 கிலோவை. நிறுத்துவதற்கான பிடிமானத்தைத் தருவது காலுக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு. உராய்வோ எடையைப் பொறுத்தது. ஆக, பிடிமானம் மிகக் குறைவு, நிறுத்த வேண்டிய நிறையோ இருமடங்கு! 1969-இல் அப்போலோ 11 வீரர் ஆல்ட்ரின் நிலவில் நடந்து பார்த்தபடியே சொன்னதும் இதைத்தான்: சீராக நிற்க வேண்டுமென்றால் இரண்டு மூன்று அடிகள் முன்பே தயாராக வேண்டும், உடலின் நிறைமையம், அதாவது மொத்த நிறையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, எங்கே இருக்கிறது என்பதில் கவனம் வேண்டும்.

1972 ஏப்ரலில் அப்போலோ 16 வீரர் சார்லி டியூக் உயரம் தாண்டிக் காட்ட நினைத்துக் குதித்தார். முதுகுப்பையின் நிறை நிறைமையத்தைப் பின்னுக்கு இழுத்திருந்தது. தரையைவிட்டு மேலே இருக்கும்போதே உடல் பின்பக்கமாகச் சாய, முதுகுப்பை அடியில் படும்படி விழுந்தார். ஆக்சிஜனும் குளிர்விக்கும் கருவியும் அதில்தான் இருந்தன. பை தாங்கியது, அவர் பிழைத்தார். கீழே விழுகிற வேகம் நிலவில் குறைவுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் சாயத் தொடங்கிய 165 கிலோவைத் திருத்துவதற்குக் காலடியில் தரை வேண்டும். குதித்தவருக்குத் தரை ஏது?

வண்டிகளில் இந்தச் சிக்கல் எண்களாகவே தெரியும். அப்போலோ 15 முதல் 17 வரை போன ரோவர் 210 கிலோ. ஆட்கள், கருவிகள், கற்கள் என்று 490 கிலோ ஏற்றலாம். மொத்தம் 700 கிலோ மணிக்கு 10 கிலோமீட்டரில் ஓடுகிறது என்று கொள்வோம். சக்கரத்துக்கும் தரைக்கும் உராய்வுக் குணகம் (தரையை அழுத்தும் விசையில் எத்தனை பங்கு பிடிமானமாகக் கிடைக்கும் என்பது) 0.5 என்றால், பூமியில் 80 சென்டிமீட்டருக்குள் நிறுத்திவிடலாம். நிலவில் ஏறக்குறைய 4.8 மீட்டர் வேண்டும். சறுக்காமல் திரும்பக்கூடிய மிகச் சிறிய வளைவின் ஆரமும் 1.6 மீட்டரிலிருந்து 9.5 மீட்டராகிவிடும். பிரேக்கை எவ்வளவு பலமாகச் செய்தாலும் இது மாறாது, ஏனென்றால் குறை பிரேக்கில் இல்லை, தரைப் பிடிப்பில் இருக்கிறது. இதே ரோவர் பூமியில் ஒரு ஆள் உட்கார்ந்தால் தாங்காது. அதனால் பயிற்சிக்கென்று உறுதியான தனி வண்டி செய்தார்கள்.

இனி, பூமியில் சோதிப்பது எப்படி? என் கணிப்பில் இத்துறையின் மிகக் கடினமான கேள்வி இதுதான். செவ்வாய்க்குப் போன கியூரியாசிட்டி ரோவர் 899 கிலோ. கணினி முதலியவற்றை எடுத்துவிட்டு, சுமார் 340 கிலோவில் ‘ஸ்கேர்குரோ’ என்ற சோதனை வண்டியை நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் வைத்திருக்கிறது. செவ்வாயில் கியூரியாசிட்டி மணலை அழுத்தும் விசையும் இங்கே ஸ்கேர்குரோ அழுத்தும் விசையும் ஒன்று. சக்கரம் புதைகிறதா, வழுக்குகிறதா என்று பார்க்க இது போதும். பாறையில் மோதினால் என்ன ஆகும் என்பதை இது சொல்லாது. எடையைச் சரியாக்கப் போய் நிறையைக் குறைத்துவிட்டோமே!

இஸ்ரோ தன் நிலவு ரோவருக்கு ஹீலியம் பலூனைப் பயன்படுத்தியது. இங்கே நிறை அப்படியே இருக்கும், எடை மட்டும் குறையும். 26 கிலோ ரோவரில் சுமார் 21.7 கிலோவின் பாரத்தைப் பலூன் ஏந்த வேண்டும். ஒரு கன மீட்டர் ஹீலியம் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும் என்பதால் உறையின் பாரத்தையும் சேர்த்தால் மூன்றரை மீட்டருக்கு மேல் விட்டமுள்ள பலூன் தேவைப்படும். இந்த முறையிலும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. ரோவர் நகரும்போது பலூன் பின்தங்கி, கயிறு சாய்ந்து, வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். மெதுவாக ஊரும் ரோவருக்கு இது பொருட்டல்ல. வேகமாக ஓடும் வண்டிக்கு உதவாது.

ஈர்ப்பே உணரப்படாத விண்வெளி நிலையத்தில் எடை மெஷின், தராசு இரண்டும் பயன்படாது. 1973-இல் ஸ்கைலேப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்தில் வீரர்களைச் சுருள்வில் பொருத்திய நாற்காலியில் கட்டி ஆட விட்டு, ஆட்டக் காலத்திலிருந்து, அதாவது ஒரு முறை ஆடி வர ஆகும் நேரத்திலிருந்து, நிறையைக் கணக்கிட்டார்கள். உடலை இறுக்கிக் கட்டாவிட்டால் விடை தவறிவிடும்.

அதே வகைக் கருவியை உங்கள் பள்ளியில் செய்யலாம். இரண்டு 12 அங்குல ஹேக்சா பிளேடுகளின் பற்களை டேப்பால் மூடுங்கள். அகலப்பக்கம் செங்குத்தாக நிற்கும்படி மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு, மறுமுனைகளுக்கிடையே நடுவில் துளையுள்ள மரத்தட்டைப் பொருத்துங்கள். தட்டைப் பக்கவாட்டில் 2 சென்டிமீட்டர் இழுத்து விட்டு, 30 ஆட்டங்களுக்கு ஆகும் நேரத்தை எடுங்கள். ஆட்டம் வேகமாக இருப்பதால் போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்து எண்ணுவது நல்லது. 100, 200, 300 கிராம் கற்களை அசையாமல் ஒட்டி வையுங்கள். ஆட்டக் காலத்தின் இருபடியை நிறைக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். கோடு வளைந்தால், கல் நழுவுகிறதா, கிளாம்ப் தளர்ந்ததா என்று பாருங்கள்.

பிறகு, தட்டின் துளையில் செருகிய உருளைக்கல்லை மேலிருந்து நூலில் தொங்கவிடுங்கள். எடையை நூல் சுமக்கும்; தட்டு அதைத் தள்ளி ஆட்ட மட்டுமே செய்யும். தட்டே கல்லைச் சுமந்தபோது வந்த ஆட்டக் காலம் ஏறத்தாழ மாறாது. நூல் ஒன்றரை மீட்டராவது இருக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் நூலில் கட்டினால் கல் ஊசலைப் போலத் தானும் நடுவுக்கு இழுக்கும், ஆட்டம் வேகமாகும். எடை குறைந்ததால் நிறையும் குறைந்ததென்று மாணவர்கள் தவறாக எழுதிவிடுவார்கள்.