கேதார்காந்தா: இந்த வாட்டி இறக்கத்தைக் கேட்டுட்டுத்தான் ஏறப் போறேன்

வணக்கம் மக்களே. மூச்சு வாங்குது, கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க. திருக்குறுங்குடி மலைநம்பி கோயிலுக்கு ஏறுற பாதையில, பாதித் தூரத்துல ஒரு பாறை மேல உக்காந்திருக்கேன். சனிக்கிழமைலா, ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காவ. ஜீப் சத்தம் குறுக்க வந்தா ஒண்ணும் நினைக்காதீங்க. முதுகுல இருக்கற இந்தப் பை எட்டு கிலோ. உள்ள எல்லாம் தண்ணி, ஸ்டீல் பாட்டில்ல. மேல போனதும் மரத்து மூட்டுல ஊத்திட்டு வெறும் பையோட இறங்குவேன். ஏறும்போது பாரம் தொடைக்கு நல்லது. இறங்கும்போது அதே பாரம் முட்டியக் கெடுத்துரும்.

விஷயத்துக்கு வாரேன். வர்ற மாசி மாசம் கேதார்காந்தா போறேன். உத்தரகாண்ட்ல, உத்தரகாசி மாவட்டத்துல, கோவிந்த் வனவிலங்கு சரணாலயத்துக்குள்ள இருக்கற உச்சி. உயரம் சுமார் 3,800 மீட்டர். "அக்கா, முதல் இமயமலை ட்ரெக்குக்கு அதான் லேசாமே"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. லேசுதான்னு நானும் நினைச்சேன். ஒரு கணக்கு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. நம்ம அகத்தியர் மலை உச்சி 1,868 மீட்டர். நடக்க ஆரம்பிக்கற சாங்க்ரி கிராமம் சுமார் 1,950 மீட்டர். பொதிகை உச்சியை விட உசரமான இடத்துல நின்னுக்கிட்டுத்தான் அங்க முதல் அடியே வைக்கோம். நம்ம ஊரோ தாமிரபரணிக் கரை, கடல்மட்டத்துல இருந்து அம்பது மீட்டர்கூட இருக்காது.

நான் போன வருஷம் ஜனவரியில இதே மலைக்குப் போய் உச்சி தொடாம திரும்பி வந்தேன். அதை இதுவரைக்கும் சேனல்ல சொன்னதில்ல. இன்னைக்குச் சொல்லுதேன், ஏன்னா இந்த வாட்டி நான் போடுற திட்டம் பூராவும் அந்த ராத்திரியில இருந்து வந்ததுதான்.

கட்டணம் கம்மியா இருந்துச்சுன்னு ஒரு குழுவுல சேந்தேன். பேரு வேண்டாம். ரெண்டாம் நாள் கூடாரத்துலயே தலைவலி. மூணாம் நாள் பேஸ் கேம்ப்புல வாந்தி, சோறு இறங்கல. கூட வந்த கைடு யாரையும் விசாரிக்கல. விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்ஸிஜன் எவ்வளவுன்னு பாக்கற ஆக்ஸிமீட்டர் பைக்குள்ளயே கிடந்துச்சு. நானும் வாயத் திறக்கல. இவ்வளவு தூரம் வந்துட்டு, நம்மால மத்தவங்களுக்குத் தாமதம் ஆகிருமோன்னு பயம். விடியக்காலம் மூணு மணிக்கு ஏற ஆரம்பிச்சு, ஒரு சரிவுல கால் நிக்காம தள்ளாடி உக்காந்துட்டேன். சமையல் கூடாரத்துல வேலை பாக்கற ஒரு பையன் சுக்குத்தண்ணி மாதிரி ஏதோ தூக்கிக்கிட்டு பின்னாலயே வந்துக்கிட்டிருந்தான். என் முகத்துல டார்ச் அடிச்சுப் பாத்தான், "நீச்சே, நீச்சே"ன்னான். கீழே, கீழேன்னு அர்த்தம். கையப் பிடிச்சு ஒவ்வொரு அடியா இறக்கிக் கூட்டிட்டு வந்தான். ஜூடா கா தாலாப் ஏரிக்கரை வரைக்கும் இறங்கினதும் மண்டையில இருந்து யாரோ ஆணியப் பிடுங்கின மாதிரி வலி போயிட்டு. அந்தத் தம்பிக்கு நான் ஒழுங்கா நன்றிகூடச் சொல்லல. அவன் பாஷை எனக்குத் தெரியாது.

அப்புறம் வந்து படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். 3,800 மீட்டர்ல காத்தழுத்தம் நம்ம ஊர்ல இருக்கறதுல மூணுல ரெண்டு பங்குகூட வராது. ஒவ்வொரு மூச்சுலயும் ஆக்ஸிஜன் அந்த அளவுக்குக் கம்மி. உடம்பு அதுக்குப் பழக நாள் எடுக்கும். தள்ளாட்டம் வந்துட்டா மூளையில நீர் கோக்க ஆரம்பிச்சிருக்கலாம், அது உயிர் போற விஷயம். உக்காந்திருக்கும்போதே மூச்சு முட்டுச்சுன்னா நுரையீரல்ல நீர். ரெண்டுக்கும் முதல் மருந்து இறங்குறதுதான்.

அதனால இந்த வாட்டி ட்ரெக் நடத்துறவங்ககிட்ட உச்சியப் பத்திக் கேக்கவே இல்ல. இறக்கத்தைப் பத்தித்தான் கேட்டேன். எனக்கு முடியலன்னா யாரு என்கூட இறங்குவாங்க? அவரு இறங்கிட்டா மிச்ச ஆளுங்களுக்கு யாரு? ஆக்ஸிஜன் சிலிண்டர் எந்த கேம்ப் வரைக்கும் வரும்? காலையில எத்தனை மணி ஆனா உச்சி கண்ணுக்குத் தெரிஞ்சாலும் திரும்பிருவீங்க? வெயில் ஏற ஏறப் பனி இளகிரும், கால் புதையும், வழுக்கும். அதனால அந்த நேரத்தை முன்கூட்டியே முடிவு பண்ணியிருக்கணும். கைடுக்கு உத்தரகாசியில இருக்கற நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்துல படிச்ச சான்று இருக்கான்னும் கேட்டேன். 1965ல தொடங்கின நிறுவனம் அது. நாலு இடத்துல பேசினேன். மூணு இடத்துல "கவலைப்படாதீங்க மேடம், நாங்க எப்படியும் ஏத்திருவோம்"னாவ. நாலாவது ஆளு மட்டும், "போன குழுவுல மூணு பேரைத் திருப்பி அனுப்பினேன், ஒருத்தர் என்மேல கோவிச்சுக்கிட்டாரு"ன்னாரு. அவருகிட்டதான் பணம் கட்டியிருக்கேன்.

இது வெறும் பயம் இல்ல மக்களே. 2024 ஜூன்ல அதே உத்தரகாசிப் பக்கம் சஹஸ்ர தால்ங்கற மலை ஏரிக்குப் போன கர்நாடகக் குழு பனிக்காத்துல மாட்டி 9 பேர் இறந்துபோனாவ. 2018 மார்ச்ல நம்ம தேனி குரங்கணியில காட்டுத்தீயில இருபதுக்கும் மேல போயிட்டாவ. யாரும் சாகணும்னு மலைக்குப் போகல.

நாள் கணக்கு இப்படி. டேராடூன்ல இருந்து சாங்க்ரி கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், புரோலா, மோரி வழியா வளைஞ்சு வளைஞ்சு ஒரு பகல் பூரா ஆகும். மறுநாள் ஜூடா கா தாலாப், 2,800 மீட்டர் கிட்ட. அதுக்கடுத்து பேஸ் கேம்ப், 3,400 கிட்ட. அப்புறம் உச்சி, அன்னைக்கே கீழ ஹர்காவ் கேம்ப் வரைக்கும் இறக்கம். இப்ப மருத்துவருங்க சொல்லுதது என்னன்னா, 3,000 மீட்டருக்கு மேல போனா தூங்குற இடம் ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல உசரக் கூடாது. இங்க ஒரே ராத்திரியில 600 மீட்டர் தாவுது. எல்லாரும் இப்படித்தான் போறாவ, நிறைய பேருக்கு ஒண்ணும் ஆகுறதில்ல. எனக்கு ஆச்சு. அதனால சாங்க்ரியில ஒரு நாள், தாலாப்ல ஒரு நாள் கூடுதலா தங்கப் போறேன். அதுக்குத் தனியா காசு கேட்டாரு, கொடுத்துட்டேன். ஆபீஸ்ல லீவு வாங்கதுதான் அதைவிடப் பெரிய பாடு.

டயமாக்ஸ் மாத்திரை பத்தி கேட்டிருந்தீங்க. அசிடசோலமைடுதான் அது. உடம்பு பழகுறதைச் சீக்கிரமாக்கும், ஆனா அதைப் போட்டுட்டு எப்படியும் ஏறலாம்னு இல்ல. சல்ஃபா வகை மருந்து ஒவ்வாமை இருக்கறவங்களுக்கு ஆகாமப் போகலாம். விரல் நுனியில எறும்பு ஊருற மாதிரி இருக்கும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும். டாக்டரைக் கேக்காம மெடிக்கல்ல போய் வாங்கிராதீங்க. நான் திங்கக்கிழமை பாளையங்கோட்டையில டாக்டரைப் பாக்கேன், உடற்தகுதிச் சான்றும் அங்கயே.

துணிமணி சீக்கிரம் சொல்லிருதேன். பருத்தி பனியன் வேண்டாம், வேர்வையில நனைஞ்சா காயாது, குளிர்ல ஒட்டிக்கிட்டு உசுர எடுக்கும். உள்ள ஒண்ணு, நடுவுல ஃப்ளீஸ், மேல காத்துத் தடுக்கறது ஒண்ணு, நிக்கும்போது போட்டுக்கிட டவுன் ஜாக்கெட், அதாவது உள்ள இறகு அடைச்சது. ஷூவ இப்பவே போட்டு நடந்து பழக்குங்க, நான் இந்த மலைக்கே அதைத்தான் போட்டுட்டு வந்திருக்கேன். ராத்திரி தண்ணி பாட்டிலும் போனும் ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள, உங்ககூடத்தான் படுக்கணும், இல்லன்னா ஒண்ணு உறைஞ்சிரும், ஒண்ணு சார்ஜ் இறங்கிரும். பொம்பளப் பிள்ளைங்க கேட்ட கேள்வி: கழிப்பறைக் கூடாரம் இருக்கும், குழிதான். நாப்கினை அங்க போடாதீங்க, கவர்ல கட்டிக் கீழ கொண்டு வந்துருங்க.

சாப்பாடு சப்பாத்தி, தால், சோறு. உசரத்துல பசியே எடுக்காது, அப்பவும் தின்னாகணும். அதுக்குத்தான் ஆச்சி பருப்புப்பொடி இடிச்சுத் தாரேன்னிருக்கா. உடன்குடி கருப்பட்டியும் கோவில்பட்டி கடலைமிட்டாயும் சட்டைப்பையிலயே இருக்கும். அல்வா கொண்டு போனா நெய் உறைஞ்சு கல்லாயிரும், ஆனா அந்தத் தம்பி அங்க இருந்தா கொடுக்கணும்னு ஒரு கால் கிலோ எடுத்துட்டுப் போறேன். சாங்க்ரியில கூடுதலா தங்குற நாள்ல விசாரிச்சுப் பாப்பேன்.

டெல்லி வரைக்கும் திருக்குறள் எக்ஸ்பிரஸ், ரெண்டு ராத்திரி. அந்த ரெண்டு நாளும் ஹிந்தி படிக்கப் போறேன், நாலே வாக்கியம். தலை வலிக்குது. வாந்தி வருது. மூச்சு முட்டுது. என்னைக் கீழ கூட்டிட்டுப் போங்க. கடைசி வாக்கியத்துல ஒரு வார்த்தை எனக்கு ஏற்கெனவே தெரியும்.

சரி, மணி ஆகுது, கோயிலுக்கு இன்னும் பாதித் தூரம் கிடக்கு. சாயங்காலத்துக்குள்ள காட்டை விட்டு வெளிய வந்துரணும். மேல போய் நம்பியக் கும்பிட்டுட்டு, தண்ணிய ஊத்திட்டு, இறங்க ஆரம்பிக்கணும். கேமராவ இங்கயே அணைச்சிருதேன், இறங்கும்போது எனக்கு ரெண்டு கையும் வேணும்.