வின்னி யூயிங்: ஓர் இடைத்தேர்தல் ஸ்காட்லாந்தின் போக்கை மாற்றிய கதை

[திரையில்: ஹாமில்டன், 2 நவம்பர் 1967]

கிளாஸ்கோவை ஒட்டிய தொழிலாளர் தொகுதி ஹாமில்டன். தொழிற்கட்சியின் கோட்டை. 1966 பொதுத்தேர்தலில் அக்கட்சி அங்கே 71 சதவீத வாக்கு வாங்கியது, வித்தியாசம் 16,576. ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டும் என்னும் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி வேட்பாளரையே நிறுத்தவில்லை.

மறு ஆண்டே அந்தத் தொகுதியின் எம்.பி. டாம் ஃப்ரேசர் நீர்மின் வாரியத் தலைவர் பதவிக்காக விலகினார். இடைத்தேர்தல் வந்தது. தேசியக் கட்சி நிறுத்தியவர் வின்னி யூயிங். 38 வயது, கிளாஸ்கோவில் வழக்கறிஞர்.

[திரையில்: யூயிங் 18,397. தொழிற்கட்சி 16,598. கன்சர்வேட்டிவ் 4,986]

எப்படி முடிந்தது? இடைத்தேர்தலில் ஆட்சி மாறாது. அதனால் ஆளுங்கட்சி மீது கோபம் இருக்கும் வாக்காளர் துணிந்து வேறு பக்கம் போகலாம். லிபரல் கட்சியும் போட்டியிடவில்லை. அதிருப்தி வாக்கு சிதறவில்லை.

கிடைத்தது ஒரே இடம்தான். ஆனால் இரண்டு பெரிய கட்சிகளும் ஆடிப்போயின. 1968இல் கன்சர்வேட்டிவ் தலைவர் எட்வர்ட் ஹீத், ஸ்காட்லாந்துக்குத் தனி அவை, அதாவது சொந்தச் சட்டமன்றம் வேண்டும் என்று பெர்த் நகரில் அறிவித்தார். 1969இல் தொழிற்கட்சி அரசு அரசியலமைப்பு ஆணையம் அமைத்தது. யூயிங்கின் ஆகப்பெரிய சாதனை இந்த அழுத்தம்தான்.

1970இல் ஹாமில்டன் கைவிட்டுப் போனது. 1974 பிப்ரவரியில் மோரே-நெய்ர்ன் தொகுதியில், பதவியில் இருந்த ஸ்காட்லாந்து அமைச்சர் கார்டன் கேம்ப்பெல்லையே தோற்கடித்துத் திரும்பினார்.

[திரையில்: 1974 அக்டோபர், ஸ்காட்லாந்தில் 71 இடங்கள்]

இந்தக் கணக்கைக் கவனியுங்கள். தேசியக் கட்சிக்கு 30 சதவீத வாக்கு, 11 இடம். கன்சர்வேட்டிவுக்கு 25 சதவீதம்கூட இல்லை, 16 இடம். வாக்கு ஊர் ஊராகப் பரவிக் கிடந்தால், பல தொகுதிகளில் இரண்டாமிடம்தான் மிஞ்சும். விகிதாச்சாரப்படி பிரித்திருந்தால் 21 இடமாவது வந்திருக்கும்.

1979 மார்ச் 1. தனி அவைக்கான பொதுவாக்கெடுப்பில் 51.6 சதவீதம் ‘ஆம்’. ஆனால் வாக்காளர் பட்டியலில் இருக்கும் மொத்தப் பேரில் 40 சதவீதம் ஆதரிக்க வேண்டும் என்று சட்டத்தில் விதி இருந்தது, தேறியது 32.9தான். திட்டம் முடங்கியது. கொதித்த தேசியக் கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தொழிற்கட்சி அரசுக்கு எதிராக வாக்களித்தது. 311க்கு 310 என்று ஒரே வாக்கில் அரசு கவிழ்ந்தது. மே மாதத் தேர்தலில் கட்சியின் 11 இடம் 2 ஆனது, யூயிங்கும் தோற்றார். நியாயமான கோபம்தான், ஆனால் கட்சி கொடுத்த விலை மிக அதிகம்.

அடுத்த மாதமே ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல். ஹைலேண்ட்ஸ்-தீவுகள் தொகுதியில் வென்றார். 1999 வரை அங்கே அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் உருவான காலத்தில் கல்வி, பண்பாட்டுக் குழுவின் தலைவர் அவர்தான். ‘மதாம் எகோஸ்’, அதாவது ஸ்காட்லாந்து அம்மையார் என்றே பெயர் நிலைத்தது.

[திரையில்: எடின்பரோ, 12 மே 1999]

புதிய ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் முதல் அமர்வு. அவைத்தலைவர் தேர்வாகும்வரை மூத்த உறுப்பினர் தலைமை வகிப்பார். 69 வயது யூயிங்தான் மூத்தவர். 1707 மார்ச் 25இல் ஒத்திவைத்த ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இப்போது மீண்டும் கூடுகிறது என்று அறிவித்தார்.

அவர் உள்ளே வந்தது மண்டலப் பட்டியல் வழியாக, அதாவது ஒவ்வொரு மண்டலத்துக்கும் கட்சி தரும் வேட்பாளர் பட்டியலிலிருந்து. புதிய அவையின் 129 இடங்களில் 56 இடங்களை, கட்சிகளின் வாக்கு விகிதத்தை ஈடுகட்டவே ஒதுக்கியிருந்தார்கள். அந்தத் தேர்தலில் தேசியக் கட்சி தொகுதிகளில் வென்றது 7. பட்டியலில் பெற்றது 28.