ஊரே "வேண்டாம்" என்று கத்தியது, அணி கேட்கவில்லை! மாரியோ வில்லியம்ஸ் தேர்வு சரியா, தவறா?

2006 ஏப்ரல் 28, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம். மறுநாள் நியூயார்க்கில், அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.-இன் டிராஃப்ட். கல்லூரியிலிருந்து வரும் வீரர்களில் யாரை வேண்டுமானாலும் முதலில் எடுக்கும் உரிமை ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணியிடம் இருக்கிறது. ஊர் முழுக்க இரண்டே பெயர்கள்தான் பேச்சு. ரெஜி புஷ், வின்ஸ் யங். அந்த இருவரில் யார் என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ரசிகர்கள் தலையில் அணி மூன்றாவதாக ஒரு பெயரைப் போட்டது. மாரியோ வில்லியம்ஸ். ஆறு வருடம், 54 மில்லியன் டாலர். கையெழுத்தும் ஆகிவிட்டது!

மறுநாள் ஹூஸ்டனில் டிராஃப்டைப் பார்க்கக் கூடியிருந்த ரசிகர்கள் அந்தப் பெயருக்கு ஊளையிட்டார்கள். சொந்த அணிக்கு எதிராக, சொந்த ஊரில்.

வணக்கம் நண்பர்களே. இன்று பார்க்கப் போவது அமெரிக்க ஃபுட்பால் ரசிகர்கள் இன்னமும் விடாமல் பேசும் ஒரு சண்டை. விதிமுறை தெரியாதவர்களும் தைரியமாக உட்காருங்கள், போகப் போகப் புரியும்.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். டிராஃப்ட் என்பது ஐபிஎல் ஏலம் கிடையாது. போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் தேர்வு, அப்படியே வரிசையாகப் போகும். டெக்சன்ஸ் 2002-இல்தான் பிறந்த அணி. 2005 சீசனில் 16 ஆட்டங்களில் ஜெயித்தது இரண்டே இரண்டு. அதனால் முதல் தேர்வு. அவ்வளவுதான்.

(திரையில்: மூன்று வீரர்களின் படங்கள்)

ரசிகர்கள் ஏன் கொதித்தார்கள் என்றால், அந்த இரண்டு பேரும் சாதாரண ஆட்கள் இல்லை. ரெஜி புஷ், யு.எஸ்.சி. கல்லூரியின் ரன்னிங் பேக், அதாவது பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடுபவர். கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹைஸ்மன் கோப்பையை 2005-இல் வாங்கியவர். வின்ஸ் யங் ஹூஸ்டனிலேயே பள்ளியில் படித்த பையன், டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர். 2006 ஜனவரி 4 அன்று ரோஸ் பௌல் ஆட்டத்தில் புஷ்ஷின் அணியை 41-38 என்று வீழ்த்தினார். ஆட்டம் முடிய 19 விநாடி இருக்கும்போது தானே பந்தோடு எல்லைக்குள் ஓடினார். பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள், உடம்பு சிலிர்க்கும்.

இப்படி ஒருவர் சொந்த ஊரிலேயே இருக்கும்போது, வட கரோலினாவிலிருந்து ஒரு டிஃபென்சிவ் எண்டைக் கொண்டுவந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

சரி, இந்த டிஃபென்சிவ் எண்ட் என்ன செய்வார்? இந்த வீடியோவில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஆட்டம் தொடங்கும் கோட்டில் இரண்டு அணிகளும் முகத்துக்கு முகம் நிற்கின்றன. பந்து வைத்திருக்கும் அணியின் குவாட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து பெரிய ஆட்கள் சுவர் மாதிரி நிற்பார்கள். அந்தச் சுவரை உடைக்க எதிரணி நிறுத்தும் ஆட்கள்தான் டிஃபென்சிவ் லைன். நடுவில் நிற்பவர்கள் டேக்கிள், ஓரத்தில் நிற்பவர்கள் எண்ட். பந்து அசைந்த நொடியில் பாய வேண்டும். குவாட்டர்பேக் பந்தை வீசுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் பெரும்பாலும் மூன்று விநாடிக்குள்தான். அதற்குள் 140 கிலோ எடையுள்ள ஒருவரைத் தாண்டியாக வேண்டும். நெஞ்சில் கை வைத்துப் பின்னால் தள்ளிக்கொண்டே போகலாம். தோளைத் தாழ்த்தி வெளிப்பக்கமாக வளைந்து ஓடலாம். வெளியே போவது போல் காட்டிவிட்டு உள்ளே திரும்பலாம். ஒரே ஆட்டத்தில் இதைப் பல தடவை செய்ய வேண்டியிருக்கும்.

குவாட்டர்பேக்கைப் பந்தோடு கீழே சாய்த்தால் அதற்குப் பெயர் 'சாக்'. ஒரு சுவாரசியம் கேளுங்கள்: 1982 வரைக்கும் என்.எஃப்.எல். இதைத் தனிநபர் கணக்காக அதிகாரபூர்வமாக எழுதி வைக்கவே இல்லை! அதற்கு முன் ஆடிய எத்தனையோ ஜாம்பவான்களுக்கு அதிகாரபூர்வ சாக் எண்ணிக்கை என்று ஒன்றுமே கிடையாது. ஓடுபவருக்கும் வீசுபவருக்கும் 1932-இலிருந்தே கணக்கு இருந்தது.

கணக்கு வந்த பிறகும் பாதி வேலைதான் அதில் தெரிகிறது. கிரிக்கெட்டில் ஒரு முனையில் ஒருவர் ரன்னே கொடுக்காமல் மெய்டன் மேல் மெய்டனாகப் போடுவார். பேட்ஸ்மேன் பொறுமை இழந்து மறுமுனையில் வருபவரை அடிக்கப் போய் அவுட் ஆவார். ஸ்கோர்போர்டில் விக்கெட் யார் பெயரில்? மறுமுனைக்காரர் பெயரில். நல்ல டிஃபென்சிவ் எண்டின் நிலைமையும் இதேதான். அவரைத் தடுக்க எதிரணி இரண்டு ஆட்களை ஒதுக்கும். அந்த இடைவெளியில் பக்கத்தில் இருப்பவர் புகுந்து சாக் எடுப்பார். இவருக்கு அன்று பூஜ்யம். டிவியில் பார்க்கும் ரசிகரின் கண் பந்தின் பின்னாலேயே போவதால், இவர் என்ன செய்தார் என்பதே தெரியாது. புஷ், யங் இருவரையும் ஊருக்கே தெரிந்ததும் வில்லியம்ஸைத் தெரியாததும் திறமை வித்தியாசத்தால் அல்ல. கேமரா யார் பின்னால் போனது என்பதுதான் காரணம்.

இப்போது வில்லியம்ஸின் உடம்பைப் பாருங்கள். உயரம் ஆறரை அடிக்கு மேல். எடை சுமார் 134 கிலோ. அந்த எடையோடு 40 கெஜத்தை ஏறக்குறைய 4.7 விநாடியில் ஓடினார்! 2005 சீசனில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக 14.5 சாக். இன்னொரு காரணமும் இருந்தது. லீக்கில் டெக்சன்ஸ் இருந்த பிரிவில்தான் நட்சத்திர குவாட்டர்பேக் பெய்டன் மேனிங்கின் கோல்ட்ஸ் அணியும் இருந்தது. வருடத்துக்கு இரண்டு தடவை மேனிங்கைச் சந்திக்க வேண்டும். அவரை நிம்மதியாக நிற்க விட்டால் கதை முடிந்தது.

ரசிகர்கள் பக்கமும் நியாயம் உண்டு. டெக்சன்ஸின் சொந்த குவாட்டர்பேக் டேவிட் கார், 2005-இல் மட்டும் 68 தடவை சாக் ஆனவர். அவரை மாற்ற வின்ஸ் யங் வேண்டும் என்று கேட்டது முட்டாள்தனமா? இல்லவே இல்லை. முதலில் சுவரைக் கட்டுங்கள் என்று சொன்னவர்களும் உண்டு, அதுவும் நியாயம்தான்.

முதல் வருடம் ரசிகர்களுக்குத்தான் வெற்றி. வில்லியம்ஸ் பாத வலியோடு ஆடி 4.5 சாக் மட்டும் எடுத்தார். இரண்டாவதாகப் போன புஷ்ஷோடு நியூ ஆர்லியன்ஸ் அணி அரையிறுதிக்குச் சமமான ஆட்டம் வரை போனது. மூன்றாவதாகப் போன யங் டென்னசி டைட்டன்ஸ் சட்டையில் டிசம்பரில் ஹூஸ்டனுக்கே வந்தார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. 39 கெஜம் தானே ஓடி ஆட்டத்தை முடித்தார். உங்கள் ஊர்ப் பையன், உங்கள் மைதானத்தில், உங்கள் அணியைத் தோற்கடித்துவிட்டுப் போகிறான். எவ்வளவு வலித்திருக்கும்!

அப்புறம் காற்று திசை மாறியது. 2007-இல் வில்லியம்ஸ் 14 சாக். அடுத்த வருடம் 12. சீசனின் சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ப்ரோ பௌலுக்கு நான்கு முறை தேர்வு. மொத்தம் 97.5 சாக்கோடு முடித்தார். யங் இரண்டு முறை ப்ரோ பௌல் போனாலும் 2011-க்குப் பிறகு லீக்கில் ஆடவில்லை. புஷ், லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை ஜெயித்த அணியில் இருந்தார், ஆனால் ஒருமுறைகூட ப்ரோ பௌலுக்குத் தேர்வாகவில்லை.

என் கருத்தை நேராகச் சொல்கிறேன்: டெக்சன்ஸ் செய்தது சரி. வில்லியம்ஸ் தலைமுறைக்கு ஒருவர் இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் மூன்று பேரில் மறுபடி எடுக்கச் சொன்னால் நான் அவரைத்தான் எடுப்பேன்.

ரசிகர்கள் எப்போதும் தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 1995-இல் நியூயார்க் ஜெட்ஸ் ரசிகர்கள் வாரன் சாப் என்ற டிஃபென்சிவ் டேக்கிளை எடுக்கச் சொல்லி அரங்கத்திலேயே கத்தினார்கள். அணி வேறு ஒருவரை எடுத்தது. சாப் தம்பா பேவுக்குப் போய், சூப்பர் பௌல் ஜெயித்து, ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம்பிடித்தார். ஜெட்ஸ் ரசிகர்களுக்கு என் வணக்கம்.

ஆனால் ஹூஸ்டன்? 2011-இல் அதே டெக்சன்ஸ் 11-வது தேர்வில் விஸ்கான்சினிலிருந்து இன்னொரு டிஃபென்சிவ் லைன்மேனை எடுத்தது. அதே ஊர் ரசிகர்கள் மறுபடியும் ஊளையிட்டார்கள். அந்தப் பையன் பெயர் ஜே.ஜே. வாட்! சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை 2012, 2014, 2015 என மூன்று முறை வாங்கியவர். ஊளையிட்டவர்களே 99 எண் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்திருப்பார்கள்.

இன்னும் ஒன்று. 2006-இல் எல்லோரும் வில்லியம்ஸைத் திட்டிக்கொண்டிருந்தபோது, டெக்சன்ஸ் 33-வது தேர்வில் டெமிகோ ரயன்ஸ் என்ற லைன்பேக்கரை, அதாவது டிஃபென்சிவ் லைனுக்குப் பின்னால் நிற்பவரை, எடுத்திருந்தது. அந்த வருடச் சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் அவர்தான். அதே ரயன்ஸ் 2023-இல் டெக்சன்ஸின் தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். அந்த டிராஃப்டில் இரண்டாவது தேர்வில் குவாட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரௌடை எடுத்த அணி, உடனே அடுத்த வருட முதல் சுற்றுத் தேர்வு உட்பட நிறையக் கொடுத்து மூன்றாவது இடத்தையும் வாங்கியது. யாருக்காக? வில் ஆண்டர்சன் என்ற டிஃபென்சிவ் எண்டுக்காக! விலை அதிகம் என்று மறுபடியும் சண்டை. அந்த சீசனில் தாக்குதல், தடுப்பு என இரண்டு புதுமுக விருதுகளையும் ஸ்ட்ரௌடும் ஆண்டர்சனுமே வாங்கினார்கள், டெக்சன்ஸ் பிரிவில் முதலிடம் பிடித்தது.

இப்போது உங்கள் முறை. 2006-இல் அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் புஷ், யங், வில்லியம்ஸ், இவர்களில் யார்? காரணத்தோடு கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன். யங் என்று எழுதுபவர்கள் அந்த ரோஸ் பௌலைத் தவிர வேறொரு காரணமும் சொல்ல வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை.