கும்பிட்ட கையால் கொட்டலாமா?

மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, எல்லாச் சமயத்தாரையும் ஒரே மேடையில் உட்கார வைத்த விழாக் குழுவினரே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியைத் தாராளமாக எடுத்துக்கொண்ட பெரியவர்களே, ஒலிபெருக்கியோடு போராடிக்கொண்டிருக்கும் தம்பியே, இடம் கிடைக்காமல் நிற்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். தலைவர் என்னைப் பற்றிச் சொன்ன புகழுரையைக் கேட்டதும் நான் ஓயாமல் சொல்லும் பழமொழிதான் நினைவுக்கு வந்தது: அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

உணவை வீணாகக் கொட்டுவதைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். வேதங்கள் என்ன சொல்கின்றன, வீட்டில் என்ன நடக்கிறது, நோன்பு நாட்களிலும் விருந்து நாட்களிலும் என்ன ஆகிறது.

யோவான் நற்செய்தியில் ஒரு காட்சி. மலையடிவாரம். ஆண்கள் மட்டுமே ஏறக்குறைய 5,000 பேர். எல்லோருக்கும் பசி. ஒரு பையனிடம் ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும் இருக்கின்றன. கணக்குத் தெரிந்த சீடர் ஒருவர், 200 வெள்ளிக்காசுக்கு வாங்கினாலும் ஆளுக்குக் கொஞ்சம்கூட வராதே என்கிறார். (எந்த விழாக் குழுவிலும் இப்படி ஒருவர் இருப்பார், நம் பொருளாளர் கோபிக்கக் கூடாது!) இயேசு அப்பத்தை எடுத்து நன்றி சொல்லிக் கொடுக்கிறார். எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிடுகிறார்கள். நாமாக இருந்தால் கதையை அங்கேயே முடித்திருப்போம், ஏப்பம் விட்டுவிட்டு எழுந்து போயிருப்போம். அவர் விடவில்லை. "ஒன்றும் சேதமாய்ப் போகாதபடிக்கு மீதியான துணிக்கைகளைச் சேர்த்து வையுங்கள்" என்கிறார். பன்னிரண்டு கூடை நிறைகிறது. யோசித்துப் பாருங்கள் ஐயா! ஐந்து அப்பத்தில் ஊருக்கே விருந்து வைக்க முடிந்தவருக்கு மிச்சத் துண்டு எதற்கு? நாளைக்கு இன்னொரு அற்புதம் செய்தால் போயிற்று. ஆனாலும் சீடர்களைக் குனிந்து பொறுக்க வைத்தார். நான் அற்புதத்தைவிட அந்தக் குனிதலைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

குர்ஆன் ஏழாம் அத்தியாயம், உண்ணுங்கள், பருகுங்கள், வீண் விரயம் செய்யாதீர்கள் என்கிறது. முற்றுகைப் போரில்கூடப் பழமரத்தை வெட்டாதே என்ற, யூத வேதமான தோராவின் கட்டளையை, எதையும் வீணாக்காதே என்று யூத அறிஞர்கள் விரித்தார்கள். தைத்திரீய உபநிடதம் அன்னத்தை இகழாதே, ஒதுக்காதே என்கிறது. அதே இடத்தில், வந்தவரைத் திருப்பி அனுப்பாதே, அதற்காக எப்படியாவது நிறைய அன்னம் சேர்த்து வை என்றும் சொல்கிறது. சிக்கல் இங்கேதான்!

வீணாக்காதே என்பதும் சமயம், வாரி வழங்கு என்பதும் சமயம். வீட்டில் இரண்டாவதுதான் ஜெயிக்கிறது. விருந்தாளிக்குப் போதாமல் போனால் நமக்கு அவமானம். மிஞ்சினால் பெருமை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு, அதைப் பரிமாறுகிற கைக்குத் தெரிவதில்லை.

பக்தி உள்ள வீட்டில் மிச்சத்தை உடனே கொட்ட மாட்டார்கள், பாவம் என்று பயம். சரி, என்ன செய்கிறார்கள்? டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கிறார்கள். மூன்று நாள் கழித்து வாடை வந்ததும் கொட்டுகிறார்கள். இப்போது அது உணவு இல்லை, கெட்டுப்போன பொருள். மனசாட்சிக்கும் நிம்மதி. ஃப்ரிட்ஜ் நம் பாவமன்னிப்புக் கூண்டாகிவிட்டது.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, 2022இல் உலகம் சுமார் 105 கோடி டன் உணவைக் குப்பையாக்கியது என்கிறது. அதில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்து. உணவகமும் கடையும் அதற்குப் பின்னால்தான். நம்பிக்கை இல்லாதவர்கள் மட்டும் கொட்டி இவ்வளவு சேருமா?

அதனால்தான் போகிற மேடையெல்லாம் ஒன்றையே கேட்கிறேன், நண்பர்கள் என்னைத் தராசுக்காரர் என்று கேலி செய்தாலும் பரவாயில்லை. கொட்டுவதற்கு முன் எடை போடுங்கள். ஒரு வாரம் போதும். தோலையும் எலும்பையும் தனியாக வையுங்கள், சாப்பிட்டிருக்கக் கூடியதை மட்டும் எழுதுங்கள். வழிபாட்டுத் தலங்கள் வீட்டுக் கணக்குகளைப் பெயர் இல்லாமல் வாங்கி, மொத்தத்தை வாசல் பலகையில் எழுதட்டும். காணிக்கை எவ்வளவு என்று எழுதுகிறோமே, கொட்டியது எவ்வளவு என்றும் எழுதலாமே? எண்ணைப் பார்த்தால் அடுத்த வாரம் அடுப்பில் ஏறும் பாத்திரம் சிறிதாகும். தலைவர் அவர்களின் தலத்திலேயே இதைத் தொடங்கலாம், அவர் மறுக்க மாட்டார்.

தலைவர் மணி அடித்துவிட்டார். நோன்பு நாட்களைப் பற்றி அடுத்து பேசுகிறவர் சொல்வார் என்று நம்புகிறேன். எடை எழுதும் அட்டைகள் வாசல் மேசையில் இருக்கின்றன, வீட்டுக்கு ஒன்று. தராசு இல்லாதவர்கள் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள், முறை வைத்துத் தருகிறோம். வணக்கம்.