ஃபில்டர் அடியில் தேங்கும் தண்ணீர்: குமரி மாவட்டத்தில் டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு

[திரையில்: ஒரு பழைய தண்ணீர் பாட்டில். மேலே பொன்னிறத்தில் டீசல், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கிய தண்ணீர்.]

வணக்கம். இந்தப் பாட்டிலில் இருப்பது என் காரின் டீசல் ஃபில்டரில் இருந்து எடுத்தது.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் விடிகாலை, நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்குக் கிளம்பினேன். தோவாளை வரை வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஆரல்வாய்மொழிப் பக்கம், காற்று எதிரே வந்து அடிக்கிற இடத்தில், எவ்வளவு மிதித்தாலும் புல்லிங் இல்லை. இரண்டு தடவை வெட்டி வெட்டி இழுத்தது, அப்புறம் நின்றே போய்விட்டது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை.

வந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும் நேராக டீசல் ஃபில்டருக்குப் போனார். அதன் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, இந்தப் பாட்டிலில் பிடித்தார். "தம்பி, இதைக் கடைசியா எப்பம் திறந்தீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வண்டி வாங்கி ஒன்றரை வருடத்தில் நான் அதைத் திறந்ததே இல்லை.

[திரையில்: சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறும் படம்.]

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே வரும் காற்றை பிஸ்டன் ஏறக்குறைய 16-இல் ஒரு பங்காக அமுக்குகிறது. அப்படி அமுக்கும்போதே காற்று 500 டிகிரி செல்சியஸுக்கும் மேல் கொதித்துவிடும். அந்தச் சூட்டில் டீசலைப் பொடிப்பொடியாகத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். இன்றைய காமன் ரெயில் இன்ஜின்களில் (எல்லா சிலிண்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயில் இருந்து டீசல் போகும் வகை) அந்தத் தெளிப்புக்கு 1,600 பார், அதற்கும் மேல் அழுத்தம் வேண்டும். ஒரு கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இவ்வளவு அழுத்தம் கொடுக்கும் பம்புக்கும், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கும் தனியாக ஆயில் கிடையாது. அவற்றுக்குள் ஓடுகிற டீசலேதான் அவற்றுக்கு மசகு. டீசலோடு தண்ணீர் போனால் அந்த வழவழப்பு போய்விடுகிறது. இரும்பும் இரும்பும் உரசும், துருப் பிடிக்கும், இன்ஜெக்டரின் மூக்கு அரித்துப் போகும். பம்பில் இருந்து உதிரும் இரும்புத் தூள் எல்லா இன்ஜெக்டருக்கும் போய்விட்டால் மொத்த சிஸ்டத்தையும் மாற்றச் சொல்வார்கள். சில நூறு ரூபாய் ஃபில்டரில் முடிய வேண்டிய வேலை லட்சத்தை நோக்கிப் போவது இப்படித்தான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை காற்றில் ஈரம்தான். டேங்கில் கால் பங்கு டீசலோடு வண்டியைப் போட்டால் மீதி முக்கால் பங்கு ஈரக்காற்று. இரவில் டேங்க் குளிர்ந்ததும் அந்த ஈரம் உள்பக்கம் முத்து முத்தாகப் படியும். டீசலைவிடத் தண்ணீர் கனம், அடியில் போய்த் தங்கிவிடும். நான் ஊரில் இல்லாத மூன்று வாரமும் என் வண்டி கால் டேங்கோடுதான் நின்றது. இப்போதெல்லாம் மழைக்காலத்தில் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை.

[திரையில்: ஃபில்டரின் அடிப்பாகம், வடிகால் திருகு.]

சரி, தண்ணீரை எப்படி எடுப்பது? இன்ஜினை அணைத்து, ஆற விடுங்கள். ஃபில்டர் அடியில் ஒரு தெளிவான பாட்டிலைப் பிடித்து, திருகை ஒன்றிரண்டு சுற்று மட்டும் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் வரும், பிறகு சுத்தமான டீசல் வரும். உடனே மூடிவிடுங்கள். அப்புறம் ஃபில்டர் மேல் கைப்பம்ப் இருந்தால் அது கெட்டியாகும் வரை அமுக்குங்கள். கைப்பம்ப் இல்லாத, டேங்கிலேயே மின்சாரப் பம்ப் உள்ள வண்டி என்றால், சாவியை ஆன் செய்து சில நொடி விட்டு ஆஃப் செய்வதை நான்கைந்து தடவை செய்யுங்கள். டீசல் பாதையில் புகுந்த காற்றை வெளியேற்றத்தான் இது. இதைச் செய்யாமல் செல்ஃபை அடித்துக்கொண்டே இருந்தால், 'ஏர் பிடித்துவிட்டது' என்பார்களே, அந்த நிலைதான் வரும், பேட்டரியும் இறங்கும். மழை மாதங்களில் மாதம் ஒரு முறை இதைச் செய்கிறேன். ஃபில்டர் மாற்ற மேனுவலில் 20,000 கிலோமீட்டர் என்று போட்டிருந்தால், இங்கே 15,000-இலேயே மாற்றிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய டீசல் வண்டிகளில் எந்த சிலிண்டர் மிஸ்ஸிங், அதாவது எதில் டீசல் சரியாக எரியவில்லை என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். நானும் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். காமன் ரெயில் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசிக் குத்து மாதிரிதான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. தயவுசெய்து கையை வைக்காதீர்கள்.

[திரையில்: சைலன்சர் வாயில் இருந்து வரும் புகை, மூன்று நிறங்களில்.]

அடுத்தது புகை. கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். களியக்காவிளை சாலையில் எம்-சாண்ட் லாரிக்குப் பின்னாலேயே தினமும் போகிறவர்களுக்கு அது சீக்கிரம் அடைத்துவிடும். ஃபில்டர் சரியாக இருந்தால், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவில் இருந்து வரும் ரப்பர் ஹோஸைத் தடவிப் பாருங்கள். விரிசல் இருந்தால் அந்த இடம் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும், பேச்சிப்பாறை ஏற்றத்தில் 'உஸ்' என்ற சத்தத்தோடு புல்லிங் குறையும். டர்போவே போய்விட்டது என்று சொல்லிக் கழற்றிய வண்டிகளில் கடைசியில் ஹோஸ் மட்டும் மாற்றியதும் உண்டு. அதனால் ஹோஸைப் பார்த்துவிட்டு டர்போவுக்குப் போகச் சொல்லுங்கள்.

நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகையில் மூக்கைப் பயன்படுத்த வேண்டும். கண்ணைக் கரிக்கும் வாடை என்றால் எரியாத டீசல், ஸ்டார்ட் பண்ணும்போது சிலிண்டரைச் சூடேற்றும் க்ளோ பிளக்கோ இன்ஜெக்டரோ சரியில்லை. இனிப்பான வாடை, கூலன்டும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேல் மூடிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) பக்கம் சந்தேகப்பட வேண்டும், அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

இப்போது 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகள். இவற்றின் சைலன்சர் பாதையில் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி உண்டு. பிடித்த கரியை அது 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி எரிக்க வேண்டும். வடசேரியில் இருந்து கோட்டாறு, கோட்டாற்றில் இருந்து செட்டிக்குளம் என்று தினமும் மூன்று கிலோமீட்டர் ஓட்டினால் அந்தச் சூடு வராது. பாதியில் அணைத்து அணைத்து, எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்து, டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறும். ஆயில் குறைவதைத்தான் நாம் கவனிப்போம், டீசல் காரில் ஆயில் மட்டம் ஏறினாலும் ஆபத்துதான். டிபிஎஃப் விளக்கு மட்டும் எரிந்தால், காவல்கிணறு பக்கம் நான்குவழிச் சாலையில் அரை மணி நேரம் நிற்காமல் 2,000 ஆர்பிஎம்-க்கு மேல் ஓட்டுங்கள், பெரும்பாலும் அணைந்துவிடும். கூடவே இன்ஜின் விளக்கும் எரிந்தால் ஒர்க்‌ஷாப்தான். உங்கள் ஓட்டம் முழுவதும் ஊருக்குள்ளேயே என்றால், அடுத்து வாங்கும் வண்டி டீசலாக இருக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மழை என்றால் வெள்ளத்தையும் சொல்லியாக வேண்டும். 2021 நவம்பரில் நம் மாவட்டத்தில் சாலைகள் ஆறாக ஓடியதைப் பார்த்தோம். தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் சாவியைத் திருப்பாதீர்கள், ஒரு தடவை கூட வேண்டாம். காற்று வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், பிஸ்டன் அதை அமுக்கப் பார்க்கும். தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். ஆட்களை வைத்துத் தள்ளி மேட்டில் ஏற்றி, கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் புது பேட்டரி வாங்கும் முன், பேட்டரியில் இருந்து வண்டியின் பாடிக்குப் போகும் எர்த் ஒயரைக் கழற்றிச் சுரண்டிப் பாருங்கள். உப்புக் காற்றில் அங்கேதான் பச்சை பூத்திருக்கும்.

[திரையில்: அதே கார், அதே திருகு. புதிய பாட்டில்.]

இந்த மாதத்துக்கு என் வண்டியில் இப்போது எடுக்கிறேன். திருகு தளர்ந்தாயிற்று... முதலில் இரண்டு மூன்று சொட்டு, அடியில் உருண்டு நிற்கிறது பாருங்கள், அதுதான் தண்ணீர். அதற்குப் பின்னால் வருவது முழுக்க டீசல். மூடிவிட்டேன். கைப்பம்ப்... கெட்டியாகிவிட்டது. இனி ஸ்டார்ட் பண்ணலாம்.