கல்லறைகள் திறப்பது ஒரே நாளில்தான்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணிச் சகோதர சகோதரிகளே, யாங்கூன் தமிழ்த் திருச்சபைகளிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

நீதிமான்களும் அநீதிமான்களும் உயிர்த்தெழுவது ஒரே நாளிலா, ஆயிரம் வருஷ இடைவெளியிலா என்பதே இன்றைய கேள்வி. எனக்கு முன் பேசிய சகோதரர் வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரத்திலிருந்து, "மரணமடைந்த மற்றவர்கள் அந்த ஆயிரம் வருஷம் முடியுமளவும் உயிரடையவில்லை" என்ற வசனத்தை வாசித்தார். பரிசுத்தவான்கள் கர்த்தருடைய வருகையில் எழுவார்கள், பின்பு கிறிஸ்து பூமியில் ஆளும் ஆயிரவருஷ அரசாட்சி நடக்கும், அது முடிந்தபின்தான் மற்றவர்கள் எழுவார்கள் என்று வரிசைப்படுத்தினார். எல்லாரும் ஒரே நாளில் எழுவார்கள் என்று வாதிட நான் வந்திருக்கிறேன்.

"கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள்" என்ற தெசலோனிக்கேயர் நிருப வசனத்தையும் அவர் துணைக்கு அழைத்தார். அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசித்திருந்தால் அந்தத் துணை அவருக்குக் கிடைத்திருக்காது. "பின்பு, உயிரோடிருக்கும் நாமும்" என்றுதான் பவுல் தொடர்கிறார். விசுவாசத்தில் மரித்தவர்கள் முதலில் எழுவார்கள், உயிரோடிருக்கும் விசுவாசிகள் அதற்குப் பின் அவர்களோடு சேர்வார்கள் என்பதே அங்குள்ள வரிசை. துன்மார்க்கர் எப்போது எழுவார்கள் என்ற கேள்வியே அந்தப் பகுதியில் எழவில்லை. வருகைக்கு முன்பே கண்மூடிய தம்மவர் என்ன ஆவார்களோ என்று கலங்கிய சபைக்கு எழுதிய ஆறுதல் அது. 1942இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது அரக்கான் வழியாகவும் தமு வழியாகவும் இந்தியாவை நோக்கி நடந்து, பாதியிலேயே விழுந்துபோனவர்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் கலக்கம் புரியாததல்ல. அப்படிப்பட்ட ஆறுதல் மொழியைக் கால அட்டவணையின் ஒரு கட்டத்தில் அடைப்பது அதற்குச் செய்யும் அநீதி.

இனி ஆண்டவர் தாமே சொன்னதைக் கேட்போம். "பிரேதக்குழிகளிலுள்ள அனைவரும் அவருடைய சத்தத்தைக் கேட்குங்காலம் வரும்" என்கிறது யோவான் 5:28. நன்மை செய்தவர்கள் ஜீவனை அடையவும், தீமை செய்தவர்கள் ஆக்கினையை அடையவும் அந்த ஒரே சத்தத்துக்குப் புறப்படுகிறார்கள். யாங்கூனுக்கு வடக்கே தவுச்சான் போர்க் கல்லறையில், புதைத்த இடமே தெரியாத ஏறத்தாழ 27,000 வீரர்களின் பெயர்கள் தூண்களில் பொறிக்கப்பட்டுள்ளன. கிறிஸ்தவரும் இந்துவும் இஸ்லாமியரும் சீக்கியரும் அதில் உண்டு. "அனைவரும்" என்று ஆண்டவர் சொன்னதில் இவர்களில் ஒருவரும் விடுபடவில்லை.

அதே அதிகாரத்தின் 25ஆம் வசனம் வேறொரு உயிர்ப்பைப் பேசுகிறது. மரித்தோர் தேவகுமாரனுடைய சத்தத்தைக் கேட்டுப் பிழைக்கும் காலம் இப்பொழுதே வந்திருக்கிறது என்கிறது. இது பாவத்தில் மரித்த ஆத்துமா இன்றே உயிர்பெறுவது. 28ஆம் வசனம் சொல்வதோ, சரீரங்கள் கடைசியில் எழுவது. வெளிப்படுத்தின விசேஷம் 20இல் ஆயிரம் வருஷத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் முதலாம் உயிர்த்தெழுதலை இந்த வெளிச்சத்தில்தான் வாசிக்க வேண்டும் என்று பண்டைய சபைப் பிதாவாகிய அகஸ்டின் 'தேவனுடைய நகரம்' நூலின் 20ஆம் புத்தகத்தில் வாதிட்டார். ஆயிரவருஷக் கொள்கையை ஒரு காலத்தில் தாமே ஏற்றிருந்ததையும் அங்கே மறைக்காமல் எழுதினார். அந்தத் தரிசனத்தில் யோவான் கண்டது சிரச்சேதம்பண்ணப்பட்டவர்களுடைய ஆத்துமாக்களை. அங்கே கல்லறை திறந்ததாக எழுதப்படவில்லை.

எதிரணியின் கொள்கைக்குப் பழமை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டாம் நூற்றாண்டில் சபைப் பிதாக்களாகிய ஜஸ்டின் மார்ட்டரும் ஐரேனியுவும் ஆயிரவருஷ அரசாட்சியை நம்பினார்கள். ஆனால் பக்தியுள்ள கிறிஸ்தவர்கள் பலர் தம்மோடு ஒத்துப்போகவில்லை என்று ஜஸ்டினே எழுதியிருக்கிறார். 1830களில் டார்பி என்ற போதகர் வகுத்து, 1909இல் ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் விளக்கக் குறிப்புகள் பரப்பிய திட்டமோ, கடைசி நாட்களின் மகா துன்பமாகிய உபத்திரவ காலத்துக்கு முன் ஒரு கூட்டம், பின் ஒரு கூட்டம் என்று நீதிமான்களின் உயிர்த்தெழுதலையே துண்டாக்கிவிட்டது. நம் பிள்ளைகள் பலர் அந்தத் திட்டத்தையே வேதம் என்று எண்ணிப் படிப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

நடுவர் அவர்களே, தீர்ப்பு 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. "அவனவன் தன்தன் வரிசையிலே" என்பதை எதிரணி காட்டும். அந்த வரிசையில் முதற்பலனாகிய கிறிஸ்து, அவருடைய வருகையில் அவருடையவர்கள், அதன்பின்பு முடிவு என்றுதான் இருக்கிறது. மூன்றாவதாக இன்னொரு உயிர்த்தெழுதல் வைக்கப்படவில்லை. "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்" என்று பவுல் சொல்லும்போது, மரணம் ஒழிந்தபின் ஒழிக்க வேறு சத்துரு இல்லை என்றாகிறது. அது ஒழியும் நாள் எது? கடைசி எக்காளத்தில் மரித்தோர் அழிவில்லாதவர்களாய் எழும்பொழுது, "மரணம் ஜெயமாக விழுங்கப்பட்டது" என்ற வார்த்தை நிறைவேறும் என்கிறார். பரிசுத்தவான்கள் எழும் நாளே மரணம் சாகும் நாள். வெளிப்படுத்தின விசேஷத்திலோ மரணம் அக்கினிக்கடலில் தள்ளப்படுவது ஆயிரம் வருஷம் முடிந்து, மரித்தோர் சிங்காசனத்துக்கு முன் நிற்கும் நாளில். இவ்விரு வேதபகுதிகளும் ஒரே நிகழ்ச்சியைச் சொல்கின்றன என்று ஏற்றால், பரிசுத்தவான்களும் மற்றவர்களும் எழும் நாள் ஒன்றாகிவிடுகிறது. ஏற்காவிட்டால், விழுங்கப்பட்ட மரணம் ஆயிரம் வருஷம் மனிதரைக் கொன்றுகொண்டிருக்க வேண்டும். நூறு வயதில் சாவதைப் பற்றிய ஏசாயா 65:20ஐ அந்த அரசாட்சிக்கு உரியதாகக் காட்டுகிறவர்கள் அதைத்தான் போதிக்கிறார்கள். அதற்கும் பின், சாத்தான் திரட்டும் ஜாதிகளாகிய கோகும் மாகோகும் எழும்பி யுத்தத்துக்கு வருகிறார்கள். ஆக, மரணம் கடைசிச் சத்துருவாகவும் இல்லை.

எனக்குப் பின் எதிரணிக்காகப் பேசவிருக்கும் சகோதரியிடம் நான் கேட்பது இதற்குரிய பதிலை மட்டுமே. அந்தப் பதிலை அவர் பவுலின் நிருபத்திலிருந்தே எடுத்துக்காட்டட்டும்.